இன்னும் நடக்காத சண்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்காலையும் கோபத்தையும் தவிர. அங்கே உன் முழங்காலாவது நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பா வேலை பார்க்கிற அச்சகத்தில் ஒரு கப்பல் கம்பெனி காலண்டர் கேட்டிருக்கிறது. அவர்கள் சரக்கு போகிற நாடுகளில் இப்போது எந்தெந்த வருஷமோ, அத்தனையும் ஒரே தாளில் வேண்டுமாம். அப்பா சரிபார்க்கக் கொண்டுவந்த ப்ரூஃப் சமையலறை மேஜை முழுக்கக் கிடக்கிறது, அதன் மேல்தான் காய் நறுக்குகிறேன். ஒரு கூட்டம் நமக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வருஷம் முன்னால் போய்விட்டது, போயும் பெரிதாக ஒன்றையும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை. ராஜா மாறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. மருமகள் வந்தால் நம் வீட்டிலும் அப்படி வைத்துக்கொள்ளலாம். நீ இருக்கிற நாட்டுக்காரர்கள் ஏழெட்டு வருஷம் பின்னால். மாதமும் பதிமூன்றாமே. கடைசி மாதம் ஐந்தாறு நாள்தான், அதற்கு முழு வாடகை கொடுத்துத் தொலைக்காதே.

நேற்று அந்த நாட்டு வரியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அங்க நாங்க இன்னும் சண்டையே போடலயே" என்றார். நான் கத்தியை வைத்துவிட்டேன். ஐந்து வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற மனுஷன். அவர் சரிபார்த்த காலண்டரில் அந்த வருஷத்துக்கு இல்லாத பிப்ரவரி இருபத்தொன்பதை நீ முதலாளி எதிரிலேயே காட்டிச் சிரித்தது, அச்சடித்ததெல்லாம் பழைய பேப்பராக எடைக்குப் போனது, இனி அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று இவர் கத்தியது, ஒன்றையும் நீ மறந்திருக்க மாட்டாய். "நடக்காத சண்டைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா ஊரே சிரிக்கும்டி. ஞாயித்துக்கிழமை போன் போடுறேன்" என்றார், என்னைப் பார்க்காமல், வெண்டைக்காயைப் பார்த்து.

கணக்கு தப்பு. எனக்கே தெரிகிறது. சண்டை நடந்த வருஷத்தையும் அங்கே ஏழெட்டு குறைத்துத்தானே எண்ணியிருப்பார்கள். உனக்கு இதைப் படித்ததுமே கை பென்சிலைத் தேடும். தேட வேண்டாம். வாழ்நாளெல்லாம் காலண்டர் அடித்தவருக்கு இது தெரியாதா. தெரிந்தேதான் தப்பாகக் கழித்திருக்கிறார். ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது அதற்கு.

எந்த ஊர் வருஷத்திலும் நன்றாயிரு. ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திரு. சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். இன்றைக்கு என்ன தேதி என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
நறுக்கிய காயோடு காத்திருக்கும்
அம்மா