பகல் சாப்பாட்டுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது என்று உன் மனைவி போனில் சொன்னாள். அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை.

அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்னால் நம் பட்டறையில் நடந்ததையெல்லாம் எதிர் ஷெட் பெயிண்டர் சொன்னார். லாரிக் கதவில் வெல்டிங் கோணலாகப் போனதும் நீ, "என்னண்ணே, பாம்பு வரையிறியா?" என்று சிரித்தாயாம். உன் அண்ணன் ஸ்பேனரை எடுத்தாராம். முதல் அடியிலேயே தாடை உடைந்தது. கீழே கிடந்த உன்னைத் தோளில் மறுபடி அடித்தார். தடுக்க வந்த பெயிண்டரின் கையைச் சதை பிய்யக் கடித்தார். நாலு பேர் சேர்ந்து கயிற்றால் கட்டினார்கள்.

குடிகாரன் என்று நினைத்துப் போலீஸ்காரர்கள் லத்தியால் அடித்தார்கள். ஸ்டேஷனில் வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம், இவ்வளவு இறங்கினால் எதிரில் நிற்பது யாரென்றே தெரியாமல் போகலாமாம். குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்து, "தம்பி சாப்பிட்டானா?" என்றார். கையில் விலங்கு ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

நாம் அவருக்குச் சர்க்கரையைக் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்போம். அது சரியாக இருந்தால் அன்றைய கவலை விட்டது. கிரீஸ் கையில் குத்தினால் தப்பாகக் காட்டும் என்று சர்க்கரை மீட்டரைப் பட்டறைக்கே அனுப்பியதில்லை. கை கழுவ அங்கே குழாயா இல்லை? இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும் முன்பும், மெஷினைத் தொடும் முன்பும் பார்க்க வேண்டுமாம். வேர்த்துக் கை நடுங்கினால் அப்போதே பார்க்க வேண்டுமாம். வெல்டிங் ஷெட்டில் யாருக்கு வேர்க்காது?

ஜெயிலில் காலையில் ஊசி போடுகிறார்கள். சாப்பாடு வரும்போது வரும். நடுவில் யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் பக்கத்தில் இருந்தவன் மூக்கைத் தட்டால் அடித்து உடைத்தார். வார்டர்கள் இவருடைய விலாவை உடைத்தார்கள். மீட்டர் வைக்கச் சொல்லி ஜெயில் அதிகாரியிடம் அழுதேன். "கோர்ட் சொன்னா வைக்கிறோம்மா. கேஸ் கட்டுல வியாதின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றார். உன்னை அடித்த பிறகு ஸ்டேஷனில் பட்டினி கிடந்ததால்தான் சர்க்கரை இறங்கியது என்கிறது போலீஸ். அடிக்கு முன்னால் அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். வீட்டில் என்னை அடித்ததற்கெல்லாம் சர்க்கரை காரணமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, நிதானமாகக் கதவைத் தாழ் போட்டுவிட்டு அடிப்பார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். உன் முன்னால் நின்றதும் அதே முகம்தானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

வாக்குமூலத்தில் அவர் நல்ல மனுஷன் என்று எழுதாதே. வேர்த்துக் கொட்டியதா, கண் நிலைகுத்தி நின்றதா, நீ யாரென்று தெரிந்ததா? இன்ஸ்பெக்டர் வந்தால் பார்த்ததை எழுதிக் கொடு. தெரிந்தேதான் அடித்தார் என்றால் அதையும் எழுது.

நீ பல்லால் கடித்துச் சாப்பிடும் நாள் சீக்கிரம் வரட்டும். அன்றைக்கு அவரும் உயிரோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி