பாதி மூடிய வால்வு

மாப்ள,

உன் கிணற்று மோட்டாரின் கேட் வால்வில் நீ கட்டிய கைலித் துணி இன்னும் இருந்தது. நீலக் கட்டம் வெளுத்து, கிரீஸ் ஏறி, விறைத்துப் போயிருந்தது. வால்வை இதற்கு மேல் யாரும் திறக்கக் கூடாது என்று நீ வைத்த அடையாளம். இன்று காலை சேவுகம்பட்டியில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எலெக்ட்ரிகல் படித்தவன் செய்கிற வேலையா இது?

உன் கிணற்றில் ஊற்று சன்னம். அதற்குச் சின்ன மோட்டார் போதும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கிழக்குத் தோட்டத்துக்காரர் பெரிய மோட்டார் போட்டதும் நீயும் அதே அளவில் ஒன்றை வாங்கி வைத்தாய். கிணறு தாங்காமல் குழாய் காற்றை உறிஞ்சியது. உடனே வால்வைப் பாதி மூடிவிட்டாய். ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பிரேக்கைப் பிடித்து வண்டி ஓட்டுகிற கதை. அன்றைக்கே கேட்டேன்.

"ஏன்டா இம்புட்டுப் பெருசு?"

"அவரு அம்புட்டுத் தண்ணியையும் இழுத்துருவாரு மாப்ள."

"நீ வால்வை மூடி வச்சுக்கிட்டு எப்படிறா போட்டிக்கு இழுப்ப?"

"மோட்டாரு சைஸு அவருக்குத் தெரியும். வால்வு தெரியாதுல்ல? ஓசி கரண்டுதானடா, உனக்கு ஏன் எரியுது? நீயெல்லாம் சூரியனைப் பார்த்தாலே பில்லு எங்கன்னு கேக்குற ஆளு."

சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பிறகு செம்பட்டி ரோட்டில் ஒரு லாரி உன்னைக் கொண்டுபோனது. நம் சண்டை பாதியில் நின்றுபோனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவியிடம் ஒரு கம்பெனி ஆள் வந்திருக்கிறான். கிணற்றுக்கு சோலார் பம்ப் போட்டுத் தருகிறானாம். இலவச மின் இணைப்பை மட்டும் இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்த மல்லிகைத் தோட்டத்தை விட்டால் அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. போன இணைப்பு திரும்ப எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "அண்ணே, கையெழுத்துப் போடவா வேணாமா, நீங்க வந்து சொல்லுங்க" என்று போன் பண்ணினாள். திண்டுக்கல்லிலிருந்து கிளம்பும்போதே, வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் போனேன். நானே சோலார் டிசைன் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனாலேயே, சிரித்துக்கொண்டு வருகிற எந்தத் திட்டத்தையும் நம்ப மாட்டேன்.

நான் போனபோது அந்த ஆளும் வந்திருந்தான். மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தான், ஹெச்பியைக் குறித்தான், அதற்கு இத்தனை பேனல் என்று சொல்லி முடித்துவிட்டான். கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் உன் துணியை அவிழ்த்து வால்வை முழுசாகத் திறந்து மோட்டாரைப் போட்டேன்.

"செத்த நேரம் நில்லுங்க, என்ன நடக்குதுன்னு பாருங்க" என்றேன்.

தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை தள்ளியது, அப்புறம் வெறும் சீறல். மோட்டாரை நிறுத்தினேன். அவன் முகம் மாறிவிட்டது.

"எங்க ஆபீஸ்ல பிளேட்ல இருக்கற ஹெச்பிக்குத்தான் சார் டிசைன்."

"பிளேட்டா செடிக்குத் தண்ணி பாய்ச்சுது?"

பெரிய மோட்டாருக்கு உச்சி வெயில் வேண்டும். மேகம் போட்டால் படுத்துவிடும். சின்ன மோட்டார் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நிதானமாக ஓடும். உன் ஊற்றுக்கு அதுதான் தோது. பேனல் செலவும் பெருமளவு குறையும். சூரியனில் ஒரு குறையும் இல்லை மாப்ள. ஊறாத தண்ணீருக்கும் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து வருகிற பயத்துக்கும் சேர்த்துப் பேனல் விற்கிறார்களே, அதுதான் என் சந்தேகம்.

உன் மனைவி அவனிடம் தெளிவாகச் சொன்னாள்: "சின்ன மோட்டாருக்குப் போட்டுக் கொண்டாங்க. ஒரு கோடை முழுக்க ஓடட்டும். அதுவரைக்கும் லைனை எழுதிக் குடுக்க மாட்டேன்." ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறான். வருவான் என்று நான் நம்பவில்லை. வேறு ஆள் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சத்தம் கேட்டுக் கிழக்குத் தோட்டத்துக்காரர் வேலிக்கு வந்துவிட்டார்.

"எம்புட்டு ஹெச்பி தாயி போடப் போற?"

"இருக்கிறதுல பாதி, பெரியப்பா."

"எங்கிட்டயே பொய் சொல்றியா?"

அவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. வேலியைத் தாண்டி அவர் மோட்டார் ரூமுக்குப் போனேன். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். அவருடைய வால்வும் பாதி மூடித்தான் இருந்தது.

"ஏன் பெரியப்பா?"

"உன் கூட்டாளி படிச்சவன். பெருசா ஏதாச்சும் போட்டுருவான்னு நான் முந்திக்கிட்டேன்" என்றார்.

இதைக் கேட்க நீ இல்லை. இருந்திருந்தால் உன்னை அந்த வரப்பிலேயே வைத்து ஓட்டியிருப்பேன்.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாயங்காலம் வேறொரு தோட்டத்தில் பேனல் விலை கேட்டார்கள். விலையைச் சொல்லாமல் முதலில், "யாருக்குப் பயந்து இம்புட்டுப் பெரிய மோட்டாரு போட்டீங்க?" என்று கேட்டேன். அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கண் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.