அவித்த நெல்

சவளக்கடை
சனிக்கிழமை

அன்பின் நஜீம் காக்காவுக்கு, உங்கள் தங்கச்சி றுஸ்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களையும் மச்சியையும் காய்ச்சல் தொடாமல் வைத்திருக்கட்டும். வாப்பா மௌத்தான செய்தி கிடைத்திருக்கும். வயல் ஓரத்தில்தான் அடக்கினோம். நானும் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம்.

கடல் ஊருக்குள் ஏறி, பிறகு காய்ச்சல் வந்து, கரண்டும் போனும் நின்றபோது, சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மிஞ்சியவர்களை வாப்பாவின் வயலுக்குக் கூட்டிவந்தது நான்தான். வேறு யாருக்கும் வழி தெரியவில்லை. பத்தொன்பது வயதுப் பெட்டைக்கு, வயல்வெளிக்கே தலைவர் என்பதுபோல, 'வட்டைவிதானை' என்று நக்கலாகப் பட்டம் வைத்தார்கள். இப்போது நக்கல் இல்லாமலே அப்படிக் கூப்பிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சாப்பாடு மரவள்ளிக்கிழங்கும் குளத்து மீனும். அதுவும் குறைகிறது. எல்லோரும் நம்பியிருப்பது நாங்கள் சுமந்துவந்த விதை நெல்லைத்தான். அதைத் தொட்டவர் யாராக இருந்தாலும் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புவது என்று சட்டம் போட்டதும் நான்தான். ஜவுபர் தன் பிள்ளைக்குப் பசி என்று ஒரு பிடி அள்ளினான். அனுப்பினோம். அந்தப் பக்கம் துவக்கும் தோட்டாவுமாகத் திரிகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவன் உடுத்திருந்த சாரன் மட்டும் வாய்க்காலில் வந்தது. அவன் மனைவி றபீக்கா என்னோடு கதைப்பதில்லை.

இனி எழுதுவதை மச்சிக்கும் சொல்ல வேண்டாம். நெல்லை ஊறப்போட்டுச் சாக்கில் கட்டி வைத்தேன். முளை வரவில்லை, புளித்த மணம்தான் வந்தது. உம்மாவிடம் கேட்டேன். வழியில் நனைந்த நெல், சும்மா விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, நான் காய்ச்சலில் கிடந்தபோது அவித்துக் காயவைத்துத் திரும்பவும் சாக்கில் கட்டினாவாம். வாப்பா போன கவலையில் அது விதை நெல் என்பது உம்மாவின் புத்தியில் ஏறவில்லை. ஒரு மணியும் கெடவில்லையே மகள் என்று சந்தோசமாகச் சொல்கிறா. அவித்த நெல் முளைக்காது என்று தெரியாதா, வயல்காரன் பெண்சாதிக்கு! எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

நேற்று எல்லோர் முன்னாலும் அந்த நெல்லைத்தான் விதைத்தேன். மீன்பிடிகாரரும் நெசவுகாரரும்தானே, முளை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. துஆ ஓதினார்கள். றபீக்காவும் ஆமீன் சொன்னாள். உம்மா தன் கெட்டித்தனத்தை யாரிடமாவது சொல்லிவிடுவாவோ என்று நாள் முழுக்கப் பின்னாலேயே திரிகிறேன். ஒரு கிழமையில், ஏழெட்டு நாளில், வயலில் பச்சை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யார் கை வைத்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

இதைக் கொண்டுவரும் இராசதுரை அண்ணன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்து வருகிறார். அவருக்குச் சோறு கொடுங்கள். அட்டாளைச்சேனையில் இன்னும் விதை நெல் இருக்கிறதாம். நீங்கள் ஒரு மூடை கொண்டுவந்தால் போதும். யாரும் காணாமல் மேலால் விதைத்துவிடுவேன்.

நெல் கிடைக்காவிட்டாலும் வாருங்கள் காக்கா. வெறுங்கையோடாவது வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். என் உம்மா என்பதற்காகச் சட்டத்தை மாற்றினால் றபீக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? உம்மாவைப் பாலம் வரைக்கும் நானே கூட்டிவருவேன். கண் மங்கல், மெல்லத்தான் நடப்பா. நான் கையை விடும்போது பிடித்துக்கொள்ள நீங்கள் அங்கே நிற்க வேண்டும். அல்லாஹ் உங்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் தங்கச்சி
றுஸ்தா