விழுங்கும் இன்சுலின் என்று விற்கப்பட்ட குளிசை

அனுப்புநர்:
திருமதி ஜோசப்பின் ஸ்ரனிஸ்லஸ்,
கொக்கிளாய், முல்லைத்தீவு.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
முல்லைத்தீவு.

விடயம்: போலிக் குளிசை விற்பனையைத் தடுக்கவும், என் கணவருக்கு ஒரு கடிதம் எழுதவும் வேண்டுதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் ஸ்ரனிஸ்லஸ் களப்பில் மீன்பிடிப்பவர். ஆறு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போட்டுவந்தார்.

2. எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மீன் வைக்கும் ஐஸ் பெட்டிதான் உண்டு. மார்ச் மாதக் கிளினிக்கில் தந்த மருந்துப் புட்டியை நான்தான் அந்த ஐஸுக்குள் புதைத்து வைத்தேன். மீனைக் காப்பது மருந்தையும் காக்கும் என்று நம்பினேன். உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது என்று கிளினிக் தாதி பிறகுதான் சொன்னார். அதற்குள் ஊசி போட்டும் சீனி ஏறி, அவர் மயங்கி விழுந்துவிட்டார். இந்தப் பிழை என்னுடையது; மறைக்க விரும்பவில்லை.

3. அந்த நேரம் பார்த்து, கோவில் பெருநாளுக்கு வாகனத்தில் வந்த ஒருவர் “நனோ இன்சுலின், ஐஸ் தேவையில்லை” என்று குளிசை விற்றார். கூடவே ஒரு பத்திரிகைச் செய்தியின் பிரதியும் கொடுத்தார். இன்சுலினை மிக நுண்ணிய துகள்களுக்குள் பொதிந்தால் அது வயிற்றில் அழியாமல் இரத்தத்தில் சேரும் என்று அதில் உள்ளது. செய்தி பொய்யல்ல. ஆனால் தாதி முழுச் செய்தியையும் கைபேசியில் காட்டினார். ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்ற கடைசிப் பந்தியை விற்றவர் வெட்டியிருக்கிறார். இந்தக் குளிசைக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

4. என் கணவர் அதை வாங்கி விழுங்கத் தொடங்கிவிட்டார்; இன்றோடு இருபத்திரண்டு நாள் ஊசி இல்லை. தாதி தந்த புதிய இன்சுலின் புட்டியைத் தொடவும் மாட்டார். காலில் திருக்கை முள் குத்திய புண் ஆறவில்லை. நேற்றுச் சீனி 412. நான் சொன்னால், “ஐஸுக்குள்ள வைச்ச நீயோ எனக்கு மருந்து சொல்லித்தாறாய்?” என்கிறார். பங்குத்தந்தை வந்து சொன்னபோது, “சுவாமி, நீங்கள் பூசையைப் பாருங்கோ” என்று சிரித்து அனுப்பிவிட்டார். அவர் இப்போது நம்புவது அச்சடித்த அந்தக் கடதாசியை மட்டும்தான்.

ஆகவே இத்துடன் இணைத்துள்ள குளிசையைப் பரிசோதித்து, விற்பனையை நிறுத்துமாறு கேட்கிறேன். அதைவிட அவசரமாக, உங்கள் அலுவலகக் கடிதத் தாளில், முத்திரையோடு, அவருடைய பெயருக்கே நாலு வரி எழுதி அனுப்புங்கள். இது இன்சுலின் அல்ல என்று எழுதுங்கள். விழுங்கும் இன்சுலின் ஒரு நாள் வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவர் ஆசைப்பட்டதில் தவறில்லை, ஐயா. குத்திக் குத்தி வயிற்றுத் தோல் தடித்துப்போன மனிதர். அந்த மருந்து வரும்போது விழுங்குவதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
ஸ்ர. ஜோசப்பின்

இடம்: கொக்கிளாய்
திகதி: 18.05.2025