கழிவு நூற்றுக்குப் பத்து

மயிலாப்பூர்,
12-3-1978

அன்புள்ள அத்தானுக்கு,

வல்லி எழுதுவது. நானும் செண்பகமும் இங்கே சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டேன். உண்மையில் எனக்குக் கால் வலி, உங்கள் மகளுக்குச் சளி. தில்லிக் குளிர் விட்டதா? ஸ்வெட்டரைத் துவைக்கப் போட்டீர்களா, இல்லை அதே அழுக்கோடு மடித்து வைத்துவிட்டீர்களா?

நீங்கள் வாங்கிக் கொடுத்த தற்காலிக வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறேன். தேசம் முழுக்கத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் எங்கே போகிறது, எவ்வளவு திரும்ப உருக்கப்படுகிறது, எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்துகொள்ள உங்கள் ஆபீசுக்கு ஆசை. அந்த ஆசைக்காகச் சென்னையில் நான் குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டியாக அலைகிறேன். மாடவீதியில் தெரிந்தவர்கள் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வந்து குளித்தாலும் அந்த வாடை போவதில்லை.

அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உடைந்த வாளி, அறுந்த செருப்பு, கிழிந்த வயர்கூடை எல்லாவற்றையும் பொறுக்குகிறவர்கள் காயலான் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அங்கே நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள். பிரித்ததை வடபழனிப் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளில் அரைத்து உருக்கி மறுபடி குடமும் வாளியும் செய்கிறார்கள். எல்லா நிறமும் கலந்துபோனால் கறுப்பு வாளி. நம் வீட்டுக் கறுப்பு வாளியில் யார் யாருடைய செருப்பெல்லாம் இருக்கிறதோ, நீங்கள் வந்து குளிக்கும்போது யோசித்துக்கொள்ளுங்கள்.

தேனாம்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கும் கபாலிதான் எனக்கு நிறைய உதவி. அவர் கடையில் பிரிக்கிற வேலை பார்க்கும் சொர்ணம் என் சிநேகிதி ஆகிவிட்டாள். அடையாற்றங்கரையில் குடிசை. என்னைக் கண்டால், "இன்னாம்மா, இன்னிக்கும் கேக்க வந்துட்டியா? குந்து, மொதல்ல டீ சாப்டு" என்பாள். இந்த ஊரில் என்னை உட்காரச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஒரு குறை. நான் கேட்டு நிரப்பும் படிவத்தில் 'வேஸ்ட்' என்றே போடுங்கள், கடைக்காரர்கள் வாயில் அதுதான் வருகிறது என்று படித்துப் படித்து எழுதினேன். நீங்கள் 'கழிவு எவ்வளவு?' என்று அச்சடித்து அனுப்பிவிட்டீர்கள். தமிழ்ப்பற்று தில்லிக்குப் போனபிறகுதான் பொங்குகிறது! போகட்டும், கேட்டால் எல்லாரும் தயங்காமல் சொல்கிறார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் 'நூற்றுக்குப் பத்து'தான். எனக்கும் கூட்டிப் போடுவது சுலபமாக இருக்கிறது.

தில்லிப் பள்ளிக்கூடத்தில் எப்போது சேர்ப்பீர்கள் என்று செண்பகம் கேட்டு நச்சரிக்கிறாள். அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுந்தரவல்லி


புது தில்லி,
2-5-1978

அன்பு வல்லிக்கு,

உன் கடிதமும் சென்னைக் கணக்கும் வந்து சேர்ந்தன. கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூன்று பேர் சேர்ந்திருக்கும் அறையில் ஒரே மின்விசிறி. அதுவும் என் பக்கம் திரும்புவதில்லை. மெஸ்ஸில் ரசம் என்று ஒன்று ஊற்றுகிறார்கள். அதைப் பற்றி எழுதினால் நீ அழுவாய்.

ஒரு நல்ல செய்தி. பிளாஸ்டிக்கில் நூற்றுக்குப் பத்துதான் வீணாகிறது, தொண்ணூறும் திரும்ப உபயோகத்துக்கு வந்துவிடுகிறது என்ற உன் கணக்கைப் பார்த்து என் மேலதிகாரி சங்கரன் அசந்துவிட்டார். மற்ற ஊர்களிலிருந்து வந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சென்னைதான் பளிச்சென்று இருக்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதை வைக்கப் போகிறோம். அறிக்கை வெளிவந்தால் என் வேலை இங்கே நிரந்தரம். நிரந்தரமானால் சர்க்கார் வீடு. வீடு கிடைத்தால் நீயும் செண்பகமும் என்னோடு. மூன்று வருடமாக இதற்குத்தானே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம்?

அந்தச் சொல்லைப் பற்றி மறுபடியும் ஆரம்பிக்காதே. தூத்துக்குடி ஜவுளிக்கடைக்காரர் மகன் நல்ல தமிழில் ஒரு படிவம் எழுதக் கூடாதா?

செண்பகத்துக்கு என் முத்தம். தில்லியில் யானை மேல் ஏற்றுகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்


மயிலாப்பூர்,
6-8-1978

அன்புள்ள அத்தானுக்கு,

இதை ஆபீசில் பிரிக்காதீர்கள். அறைக்குப் போய் உட்கார்ந்து படியுங்கள்.

செண்பகத்துக்குப் பாவாடைத் துணி எடுக்க நேற்று தி. நகரில் அண்ணன் கடைக்குப் போனேன். ஆடி மாதம், சொல்லவேண்டுமா? நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றேன். தலைக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போர்டு கட்டியிருந்தார்கள். 'ஆடிக் கழிவு நூற்றுக்குப் பத்து.'

நான் கடை கடையாகக் கேட்டு எழுதிய அதே சொல், அதே பத்து. சண்முகவேல் அண்ணன் கல்லாவிலிருந்து, "ஏட்டி வல்லி, போர்டயே பாத்துக்கிட்டு நிக்க? உனக்கு இருவது போடுதேன், உள்ள வா" என்று கத்தினான். துணி எடுக்காமலே பஸ் பிடித்துக் கபாலி கடைக்குப் போனேன். கழிவு பத்து என்றீர்களே, அது என்ன என்று கேட்டேன்.

"எடை போட சொல்ல கய்க்கிறதும்மா. மண்ணு, ஈரம்லாம் சேர்ந்து வருதுல்ல? அத்த தள்ளிட்டு மீதிக்குத்தான் துட்டு. எல்லா கடையிலயும் அதான் வயக்கம்."

"அப்போ உருக்க முடியாம வீணாப் போறது?"

"வேஸ்ட்டா? அது போவுது, பாதிக்கு மேல. நீ வேஸ்ட்டு எவ்ளோன்னு கேக்கவே இல்லியேம்மா!"

அத்தான், நாம் இரண்டு பேரும் ஜவுளிக்கடையில் தவழ்ந்து வளர்ந்தவர்கள். கழிவு என்றால் வியாபாரத்தில் தள்ளிக் கொடுப்பது என்று நமக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். நமக்கே மறந்துபோனதே! யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் ஒன்றை எழுதினீர்கள், நான் அதைக் கேட்டேன், அவர்கள் வேறொன்றுக்குப் பதில் சொன்னார்கள்.

அந்தப் பாதி எங்கே போகிறது என்று கேட்டதற்கு, சொர்ணம் தன் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆற்றங்கரை நெடுக உருக்குவதற்கு ஆகாத பிளாஸ்டிக் குவிந்து கிடக்கிறது. இடம் போதாவிட்டால் கொளுத்துகிறார்கள். மழை வந்தால் ஆறு இழுத்துக்கொண்டு போகிறது. நான் போனபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பத்து நிமிடத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. சொர்ணத்தின் பிள்ளை வேம்புக்கு இரண்டு வயது. படுத்தால் மூச்சு இழுக்கிறது. "இருமிகினே கீதும்மா. பொகைல வெக்காதன்றாரு டாக்டரு. நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?" என்றாள்.

பத்துதான் வீண் என்று அச்சில் வந்துவிட்டால் இந்தக் கரையை யார் வந்து பார்ப்பார்கள்? அறிக்கையை நிறுத்துங்கள்.

வல்லி


புது தில்லி,
3-9-1978

அன்பு வல்லிக்கு,

படித்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ எழுதியது வந்தபோது அறிக்கை அச்சகத்தில் இருந்தது. இப்போது நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். படிவத்தை எழுதியது நான்.

யோசித்துப் பார். ஓர் அறிக்கையில் ஓர் எண். அதை யாரும் படிக்கப் போவதில்லை. எங்கள் அலமாரிகளில் எத்தனையோ அறிக்கைகள் தூங்குகின்றன. நாம் பத்து என்றாலும் ஐம்பது என்றாலும் அந்த ஆற்றங்கரையில் ஒன்றும் மாறப்போவதில்லை. இங்கே மாறும். வீடு ஒதுக்கிவிட்டார்கள், வல்லி. இரண்டு அறை, சமையலறை தனி, பின்னால் ஒரு கொய்யா மரம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அரைப் பரீட்சை முடிந்ததும் கிளம்பி வாருங்கள்.

நன்றி சொல்லும் பக்கத்தில் உன் பெயரையும் போட்டிருக்கிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து, மாதம் ஒரு கடிதத்தில் குடும்பம் நடத்தி. இதை மட்டும் விட்டுவிடேன்.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்


மயிலாப்பூர்,
15-9-1978

அன்புள்ள அத்தானுக்கு,

என் பெயர் அச்சில் வருகிறது என்றதும் செண்பகம் வீடு முழுக்கக் குதித்தாள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

நேற்று சொர்ணம் கேட்டாள். "டில்லிக்கு எய்திட்டியாம்மா? வந்து பாப்பாங்களா?" அவள் இடுப்பில் அந்தப் பிள்ளை. வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

சங்கரன் அவர்களுக்கு நானே எழுதிவிட முடியும். எழுத மாட்டேன். உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டு நான் நிமிர்ந்து நடக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். செண்பகத்தையும் அனுப்ப மாட்டேன். கொய்யா மரம் இருந்தாலும் சரி. அங்கே அடுப்பு மூட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் புகைதான் ஞாபகம் வரும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபப்படத் தெம்பு வேண்டுமே, அது இல்லை. எனக்கும்தான் அலுத்துவிட்டது. நீங்கள் வேண்டும், அத்தான். அந்தப் பத்து வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரை இப்போதே வெயிலில் போடுங்கள்.

வல்லி


புது தில்லி,
20-10-1978

என் வல்லிக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. முந்தாநாள் அச்சகத்திலிருந்து முதல் பிரதி வந்தது. நன்றிப் பக்கத்தைத் திறந்து உன் பெயரைப் பார்த்தேன். அப்படியே எழுந்து சங்கரன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் பாலக்காட்டுக்காரர். கழிவு என்றால் நம் கடைகளில் தள்ளுபடி என்று விளக்கவே நேரமாகிவிட்டது. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. முதல் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு அச்சடிக்கிறார்கள். அதில் சென்னைக்கு நேராக 'தெரியவில்லை' என்று இருக்கும். வீட்டு உத்தரவு ரத்து. கணக்கை முதலிலிருந்து நானே எடுக்கவேண்டுமாம், பழைய சம்பளத்தில், சென்னையில். அதன்பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம் முழுக்க அப்பா கடை வாசலில் நின்று, 'கழிவு, கழிவு, அள்ளிட்டுப் போங்க' என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். அதே சொல்லை எழுதிவிட்டு உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். புதுப் படிவம் அச்சாகிவிட்டது. 'வேஸ்ட் எவ்வளவு?' என்றுதான் இருக்கிறது. உனக்குத் திருப்திதானே?

தீபாவளிக்கு முன்னால் ஜி.டி. ரயிலில் வந்து இறங்குவேன். கால் வலியோடு ஸ்டேஷனுக்கு வராதே. வந்த மறுநாளே என்னை அந்தக் கரைக்குக் கூட்டிப்போ. தில்லியிலிருந்து ஒருவன் பார்க்க வருகிறான் என்று சொர்ணத்திடம் சொல். அவனால் என்ன ஆகும் என்று அவனுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

செண்பகத்திடம் தில்லி இல்லை என்று நீ சொல்லாதே. நான் வந்து சொல்கிறேன்.

உன்
சுயம்பு