இடது காலின் தையல்

கோவை
20.9.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் அத்தாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நம் சோளக்காட்டு மலையில் மழை பிடித்திருக்கும்; அத்தாவை மிளகு மூட்டை தூக்க விடாதீர்கள்.

கோபப்படாமல் படியுங்கள். உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து மடங்கிப்போன என் இடது முட்டியில் ஆபரேஷன் செய்து, செயற்கை மூட்டு வைத்து இன்றோடு பதினெட்டு நாள். பல் பிடுங்கியதற்கே நான்கு நாள் ரத்தம் நிற்காதபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். முன்பே சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். ரத்தம் உறைய வைக்கும் மருந்தை நாள் தவறாமல் ஏற்றினார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைப்பிங் கடை முதலாளியும் என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

நேற்று நர்ஸ் வனிதா அக்கா என்னைச் சுவரோரம் நிறுத்தி, "குதிகாலை ஊணுங்க தம்பி" என்றார்.

"அது தரையைத் தொட்டுப் பன்னெண்டு வருசமாச்சுங்க" என்றேன்.

"கீழ பாருங்க சாமி."

பார்த்தேன். தொட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுக்கும் என்று டாக்டர் இரண்டு மாதம் மலையேறக் கூடாது என்கிறார். பெருநாளுக்கு வந்துவிடுவேன். அதுவரை போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். இங்கே போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

நடக்க வைக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். சேலையோடு என் நீலப் பேன்டையும் வையுங்கள். மடங்கிய காலுக்காக இடது பக்கம் இரண்டு விரற்கடை ஏற்றித் தைத்திருப்பீர்களே, அந்தத் தையலைப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் மகன்
இலியாஸ்