கண்ணாடிக் கடைக்குப் போன கடிதம்

14 ஜூலை 2025, திங்கள்
அண்ணன் மகள் அகல்யாவின் பள்ளியிலிருந்து மலாயில் ஒரு கடிதம். அண்ணிக்கு மலாய்ப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. அரசாங்க மலாய் என்றால் என்னிடம் நீட்டிவிடுவார். இரண்டாம் ஆண்டிலும் மகள் எழுத்துக் கூட்டத் திணறுகிறாள், டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், பரிசோதியுங்கள் என்றிருந்தது. அண்ணன் பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தப் பேரைச் சொல்ல மனம் வரவில்லை. “எழுத்து சரியாத் தெரியலையாம் அண்ணி, செக் பண்ணச் சொல்றாங்க” என்றேன்.
பொய் இல்லைதானே?

19 ஜூலை, சனி
அண்ணி ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்காமல் எங்களை பஸ் ஏற்றினார். புக்கிட் ரம்பாயில் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறங்கியபோதுதான் புரிந்தது. ‘தெரியலை’ என்றதை, கண் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! அப்போதும் திருத்தாமல் கூடவே உள்ளே போனேன்.
கடைக்கார ஹமீது பாய் சிரித்தார். “கழுகுக் கண்ணு லா, தங்கச்சி. எழுத்தைக் கேட்டா முழிக்கிறா. E எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கேட்டா கடைசி வரி வரைக்கும் கையால காட்டுறா. இவளுக்குக் கண்ணாடி வித்தா எனக்குத்தான் பாவம்.”
பஸ்ஸில் அகல்யா என் காதில் கேட்டாள்: “கண்ணும் நல்லா இருக்கா? அப்ப நான் நெஜமாவே மக்கா, அத்தை?”

20 ஜூலை, ஞாயிறு
சொல்லிவிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி திட்டவில்லை. “எனக்கு வலிக்கும்னு மறைச்சியா வாணி, உனக்கு வெக்கம்னு மறைச்சியா?” என்று மட்டும் கேட்டார்.
ரெண்டும்தான். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பேரான்னு — சீ, படிச்சு என்ன பிரயோசனம்?
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை முழுதாகப் படிக்கச் சொன்னார். டிஸ்லெக்சியா. பத்து பெரண்டாம் ஊர் ஃபாக்டரியில் பார்ட் நம்பர் மனப்பாடம் செய்வாரே, அப்படி மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான்காம் முறை தடுமாறவில்லை.

21 ஜூலை, திங்கள்
கிளினிக்குக்கு அண்ணியே போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

4 செப்டம்பர், வியாழன்
கிளினிக்கில் அனுப்பிய மருத்துவமனை. டாக்டர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அண்ணி கைப்பேசியை மேசைமேல் வைத்தார். ஆறு வாரமாகப் பதிவு செய்திருக்கிறார்! மலாய்ப் பாடநூலில் ஒரு பக்கத்தை அகல்யா வாசிப்பது — நான்கு நிமிடம், பாதியில் அழுகை. அதே பக்கத்தை அண்ணி வாசித்துக் காட்டியபின் அவள் திருப்பிச் சொல்வது — கதை முழுதும், சருகுமானின் குரல் உட்பட. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.
எனக்குத் தெரிந்த வைத்தியம், ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்வது. அண்ணி சிம்பாங் அம்பாட் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்.
டிஸ்லெக்சியாதான். ஓகேயூ அட்டைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். குறைபாடு உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் அட்டை. இருந்தால் பள்ளியில் தனி உதவி கேட்பது சுலபமாம்.

11 அக்டோபர், சனி
அண்ணன் அட்டைக்கான படிவத்தைத் தொட மாட்டேன் என்கிறார். “கார்டு எடுத்தா ஊரே மக்குன்னு முத்திரை குத்திரும் லா. பொம்பளப் பிள்ள.”
“ஊரு இன்னும் சொல்லல. உங்க பொண்ணுதான் தன்னையே சொல்லிக்கிட்டுத் திரியுது” என்றார் அண்ணி.
அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ படிச்சவ. சொல்லு, இது வேணுமா?”
மக்கு இல்லை, அவளுக்கு எழுத்து பிடிபடும் வழி வேறு, தானாகச் சரியாகாது, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றினால் படிப்பாள் — எல்லாம் சொன்னேன். கடிதத்தை மழுப்பிப் படித்ததையும் சொன்னேன். அண்ணன் எழுந்து லாரி கழுவப் போய்விட்டார்.

12 அக்டோபர், ஞாயிறு
படிவத்தில் அண்ணனின் கையெழுத்து இருக்கிறது.

2 டிசம்பர், செவ்வாய்
சோதனையில் மங்களம் டீச்சர் கேள்விகளை அகல்யாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். அறிவியலில் எழுபத்தொன்று! வாசிப்பு இன்னும் நத்தைதான். வாரம் மூன்று நாள் தனி வகுப்பு.
மாலையில் அண்ணி, போன மாதம் வந்த அட்டையைக் காணோம் என்று அலமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன் பர்ஸைத் திறந்தார். லாரி லைசென்ஸோடு ஒட்டி, அகல்யாவின் முகம்.
“ரோட் பிளாக்ல போலீஸ்காரன் லைசென்ஸ் கேட்டான். இதுவும் கூடவே வந்துச்சு. யாருன்னான்.”
“என்ன சொன்னீங்க?”
“எம் பொண்ணுன்னேன். வேற என்ன சொல்வாங்க?”